‘இது ஏன் நடந்தது?’ என்று கேட்கவிட்ட வழுநீக்கி: வொய்லைன் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஓவியம் வரையும் ஒரு சிறிய நிரல். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் ஆளுக்கொரு நகர்த்துபட்டி உண்டு. நீலப் பட்டியை மட்டும் கடைசிவரை நகர்த்திவிட்டுத் திரையில் ஒரு கோடு இழுத்தால் அது நீலமாக விழ வேண்டும். விழுவதோ கறுப்புக் கோடு. இதைப் பார்த்த நிரலரின் மனத்தில் எழும் கேள்வி எளியது: கோடு ஏன் கறுப்பாக இருக்கிறது? ஆனால் நிரலில் உள்ள பிழையை, அதாவது வழுவை, தேட அவரிடம் இருக்கும் கருவியான வழுநீக்கியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. எந்தக் கோப்பில் எந்த வரியில் நிறுத்த வேண்டும், நின்ற இடத்தில் எந்த மாறியின் மதிப்பைக் காட்ட வேண்டும், அடுத்த வரிக்குப் போக வேண்டுமா அல்லது அங்கே அழைக்கப்படும் செயற்கூற்றுக்குள் (ஒரு வேலைக்கெனத் தனியே எழுதிய நிரல்பகுதிக்குள்) நுழைய வேண்டுமா என்று அதுதான் அவரைக் கேட்கிறது. திரையில் கண்டதைப் பற்றிய ஒரு கேள்வியை நிரல்வரிகளைப் பற்றிய பத்துக் கேள்விகளாக உடைக்கும் வேலை முழுவதும் நிரலரின் தலையில் விழுகிறது. நேரம் கரைவதும் தவறு நுழைவதும் அங்கேதான்.

அந்த உடைக்கும் வேலையை நிரலரிடமிருந்து கருவியின் கைக்கு மாற்ற முயன்ற ஒரு வழுநீக்கியே இந்த ஆய்வின் பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஏமி கோ முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, பேராசிரியர் பிராட் மையர்ஸின் வழிகாட்டலில் உருவாக்கிய வொய்லைன்தான் அது. ஆங்கிலத்தில் ‘ஏன்’ என்னும் சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் கருவி இன்று எந்த அலுவலகத்திலும் அன்றாடப் புழக்கத்தில் இல்லை. ஆயினும் வழுநீக்கிகளின் பயன்படுதன்மையைப் பற்றிப் பேச இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. அது எதைச் சரியாகக் கண்டது, எங்கே இடறியது, அதன் கருத்து பிறகு எந்த வழியாக நம் கைக்கு வந்து சேர்ந்தது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்வு முழுமை பெறும்.

நிறுத்திப் பார்க்கும் முறை

பெரும்பாலான நிரலர்கள் இன்று பயன்படுத்தும் வழுநீக்கிகளின் அடிப்படை, ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் எழுதிய ஜிடிபி என்னும் வழுநீக்கி அப்படித்தான் செய்தது. நிரல் எழுதும் சூழல்களுக்குள் பொத்தான்களும் வண்ணங்களுமாக வந்திருக்கும் இன்றைய வழுநீக்கிகளும் அப்படித்தான் செய்கின்றன. பிரேக்பாயின்ட் வைக்கிறோம், நிரல் அங்கே நிற்கிறது, மாறிகளின் மதிப்பைப் பார்க்கிறோம், ஒவ்வொரு வரியாக முன்னே போகிறோம். தோற்றம் பெரிதும் மாறியிருந்தாலும், நிரலரிடமிருந்து கருவி எதிர்பார்க்கும் முதல் பதில் மாறவே இல்லை: எங்கே நிறுத்த வேண்டும்?

வழு எங்கே இருக்கிறது என்று தெரியாததால்தான் ஒருவர் வழுநீக்கியைத் திறக்கிறார். அவரிடம் முதலில் இடத்தைக் கேட்பது, வழி தெரியாமல் வந்து நிற்பவரிடம் வழி கேட்பதைப் போன்றது. அனுபவமுள்ளவர்கள் பழக்கத்தால் ஓர் இடத்தை ஊகித்துவிடுகிறார்கள், புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கருவிகளை வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தவர்கள் என்பதால் இந்தத் தடுமாற்றம் அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பது என் கருத்து.

என் பக்கத்து இருக்கையில் பணியில் சேர்ந்து சில வாரங்களே ஆன ஓர் இளைஞர் ஒருநாள் பில் தொகையைக் கணக்கிடும் ஒரு செயற்கூற்றைத் தேடிக்கொண்டிருந்தார். தள்ளுபடி இரண்டுமுறை கழிந்திருந்தது. பிரேக்பாயின்ட் வைத்து, எஃப்10 விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு வரியாக நகர்ந்தார். மதிப்பு மாறும் வரி வந்ததும் கை ஒருமுறை கூடுதலாக அழுத்திவிட்டது. “அண்ணா, மறுபடியும் தாண்டிட்டேன்” என்றார். நிரலை நிறுத்தி, மீண்டும் ஓடவிட்டு, உள்நுழைந்து, வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்து, நான்கு பொருள்களைச் சேர்த்து, அதே இடத்துக்கு வர ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆனது. அன்று காலை அதை அவர் ஏழுமுறை செய்தார். ஐந்தாம் முறையில் தாளை எடுத்து ஒவ்வொரு வரியிலும் மதிப்பு என்னவாக இருந்தது என்று எழுதத் தொடங்கினார். கணினி கண்ணெதிரே வைத்திருந்து மறந்துபோன ஒன்றை மனிதர் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி எனக்கு மறக்கவில்லை. இங்கே குறை அவருடைய திறமையில் இல்லை. காலம் முன்னே மட்டும்தான் ஓடும் என்று அந்தக் கருவி வகுத்திருந்தது. அவருடைய கேள்வியோ பின்னோக்கிச் செல்வது.

ஊகத்தில் இருக்கும் தவறு

வொய்லைன் உருவாவதற்கு முன் கோவும் மையர்ஸும் நிரலர்கள் வேலை செய்வதை அருகிலிருந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். அப்போது அவர்கள் கண்ட ஒன்று இந்தத் துறையில் இருக்கும் எவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்யும்: அவர்கள் கவனித்த பிழைகளில் 50 விழுக்காடு, ஏற்கெனவே இருந்த ஒரு பிழையைத் திருத்தும்போது நிரலர்கள் கொண்ட தவறான ஊகங்களால் புதிதாக உண்டானவை. வழுவைத் தேடிப் போன இடத்தில் வழு பிறந்திருக்கிறது. ஒருவர் ‘இந்த மாறி காலியாக இருப்பதால்தான் இப்படி நடக்கிறது’ என்று நினைக்கிறார். அதைச் சரிபார்க்கக் கருவி எளிய வழி தராததால், சரிபார்க்காமலேயே ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறார். ஊகம் தவறு, நிபந்தனை மட்டும் நிரலில் நின்றுவிடுகிறது.

தோல்வியைக் கண்ட உடனே நிரலர்கள் வாய்விட்டுக் கேட்ட கேள்விகளையும் அவர்கள் தொகுத்தார்கள். ஏறக்குறைய எல்லாமே இரண்டு வகைக்குள் அடங்கின. 68 விழுக்காடு ‘இது ஏன் நடந்தது?’ என்ற வகை. 32 விழுக்காடு ‘அது ஏன் நடக்கவில்லை?’ என்ற வகை. இரண்டாவது வகையின் பங்கைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு கேள்வி நடக்காத ஒன்றைப் பற்றியது. நடக்காத வரியில் பிரேக்பாயின்ட் வைத்தால் நிரல் நிற்காது. அது நிற்கவில்லை என்பது மட்டுமே கிடைக்கும் பதில். அங்கே வராமல் தடுத்தது எது என்பதை நிறுத்திப் பார்க்கும் வழுநீக்கி தானாகச் சொல்லாது. நிரல் ஓடும்போதே குறிப்பு வரிகளை அச்சிடவைத்து, அதாவது லாக் எழுதிப் பார்க்கும் பழைய வழக்கத்துக்கும் இதே குறை உண்டு. அச்சாகாத வரி தான் ஏன் அச்சாகவில்லை என்று சொல்வதில்லை.

2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஜாவா என்னும் நிரல்மொழியில் அனுபவமுள்ள நிரலர்கள் தமக்கு அறிமுகமில்லாத நிரலைத் திருத்தும்போது, சராசரியாக நேரத்தில் 35 விழுக்காட்டைக் கோப்புகளுக்குள்ளும் கோப்புகளுக்கிடையிலும் நகர்வதிலேயே செலவிட்டது தெரிந்தது. படிப்பது, சிந்திப்பது, திருத்துவது எல்லாம் இதற்கு அப்பால். நிரலர்கள் மனத்துக்குள் என்ன செய்கிறார்கள் என்பதை மார்க் வைசர் 1982-இலேயே காட்டியிருந்தார்: வழுவைத் தேடும்போது அவர்கள் நிரலை வரிசையாக நினைவில் வைப்பதில்லை, ஒரு மதிப்பைப் பாதிக்கும் வரிகளை மட்டும், அவை எங்கே சிதறிக் கிடந்தாலும், ஒரு கீற்றாகப் பிரித்தெடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கீற்றைக் கணினி தானே கணக்கிடலாம் என்பதும் அவர் முன்வைத்த கருத்துதான். ஆக, நிரலர்கள் கேட்கும் கேள்வியும் தெரிந்திருந்தது, பதிலைக் கணக்கிடும் முறையும் தெரிந்திருந்தது. இரண்டையும் இணைக்கும் இடைமுகம்தான் இல்லாமல் இருந்தது.

ஆலிஸில் முதல் வொய்லைன்

முதல் வொய்லைன், கார்னகி மெலனிலேயே வளர்ந்த ஆலிஸ் என்னும் முப்பரிமாண நிரலாக்கச் சூழலுக்காகச் செய்யப்பட்டு 2004-இல் வெளியானது. ஆலிஸில் நிரல்வரிகளை எழுதுவதில்லை. கட்டளைகளை இழுத்து வைக்கிறோம். தொடரமைப்புப் பிழை நேராது என்பதால், எஞ்சும் பிழைகள் எல்லாம் நடத்தை சார்ந்தவை. ஆய்வுக்கு இது நல்ல தேர்வு.

அந்த ஆய்வில் வரும் எடுத்துக்காட்டு ஒரு பேக்மேன் விளையாட்டு; பேக் என்னும் உருவம் பேயிடம் சிக்காமல் புள்ளிகளைத் தின்ன வேண்டும். பேய் நெருங்கியதும் பேக் பாதி அளவுக்குச் சுருங்க வேண்டும். பேய் நெருங்கிவிட்டது, பேக் சுருங்கவில்லை. நிரலர் ‘ஏன்’ என்ற பொத்தானை அழுத்துகிறார். நிரல் அந்தக் கணத்தில் நிற்கிறது. உடனே ஒரு தெரிவுப் பட்டி விரிகிறது: ‘ஏன் நடந்தது’, ‘ஏன் நடக்கவில்லை’. இரண்டாவதைத் தேர்ந்தால் உலகில் உள்ள பொருள்களின் பெயர்கள், பேக்கைத் தேர்ந்தால் அதற்கு நேரக்கூடிய செயல்கள். ‘பேக் ஏன் பாதியாகச் சுருங்கவில்லை?’ என்ற முழுக் கேள்வி மூன்று தேர்வுகளில் உருவாகிவிடுகிறது. தட்டச்சுச் செய்ய வேண்டியதே இல்லை, கேள்வியைத் தவறாகக் கேட்கவும் வாய்ப்பில்லை. ஏனெனில் பட்டியில் இருப்பவை எல்லாம் அந்த நிரலிலிருந்தே எடுக்கப்பட்டவை. பதிலாகத் திரையின் கீழே ஒரு காலக்கோடு தோன்றுகிறது. சுருங்கும் கட்டளையைக் காத்து நிற்கும் நிபந்தனை, அதன் இரண்டு பகுதிகள், அவற்றுள் பொய்யாகிப்போன பகுதி, அதைப் பொய்யாக்கியபடி பெரிய புள்ளி முன்பே தின்னப்பட்டுவிட்ட நிகழ்வு ஆகியவை அம்புக்குறிகளால் இணைந்து நிற்கின்றன. தொடர்பில்லாத எதுவும் அங்கே இல்லை.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு சிறு நுணுக்கம். சில வேளைகளில் நிரலரின் கேள்வியே தவறாக இருக்கும். ‘இது ஏன் நடக்கவில்லை?’ என்று அவர் கேட்பார். உண்மையில் அது நடந்திருக்கும், அவர் கவனித்திருக்க மாட்டார், அல்லது அடுத்த கணமே வேறொரு கட்டளை அதை மாற்றியிருக்கும். அப்போது வொய்லைன் ‘அது நடந்தது’ என்று சொல்லி, எப்போது நடந்தது என்பதைக் காட்டியது. தவறான ஊகத்தைக் கருவியே மறுக்கிறது. அதைக் கேள்வி எழுந்த கணத்திலேயே, ஊகத்தின்மேல் புதிய நிரல் எழுதப்படும் முன்பே மறுக்கிறது. பாதிப் பிழைகள் தவறான ஊகத்தால் வருகின்றன என்ற கண்டறிதலுக்கு நேரான விடை இதுதான்.

ஒரே வழுவைக் கருவியுடனும் கருவி இல்லாமலும் தேடிய சூழல்களை ஒப்பிட்டபோது, வழுவைக் கண்டறியும் நேரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது என்றும், பயனர்கள் 40 விழுக்காடு கூடுதலான பணிகளை முடித்தார்கள் என்றும் ஆய்வு சொல்கிறது. இந்த எண்களை நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பங்கேற்றவர்கள் மிகச் சிலர். ஆலிஸ் ஒரு சிறிய உலகம். நிரல்கள் சில திரைகளுக்குள் அடங்குபவை. எட்டு மடங்கு என்பதை நான் எந்தக் கூட்டத்திலும் மேற்கோள் காட்ட மாட்டேன். திசையைப் பற்றி மட்டும் எனக்கு ஐயமில்லை.

ஜாவாவுக்கு வந்தபோது

அடுத்த நான்கு ஆண்டுகளில் வொய்லைன் ஜாவாவுக்கு வந்தது. இங்கே பட்டியில் பொருள்களின் பெயரை அடுக்கினால் அது ஆயிரக்கணக்கில் நீளும். எனவே கேள்வியின் தொடக்கம் திரைக்கு மாற்றப்பட்டது. நிரலின் ஓட்டம் முழுவதும் பதிவாகிறது; பிறகு பதிவைத் திறந்தால் நிரல் வரைந்த திரை அப்படியே தெரிகிறது; காலப் பட்டியை நகர்த்தி வேண்டிய கணத்துக்குப் போகலாம். கறுப்புக் கோட்டின்மேல் சொடுக்கினால் அந்தக் கோட்டைப் பற்றிய கேள்விகள் விரிகின்றன. ‘இந்தக் கோட்டின் நிறம் ஏன் இது?’ என்பதைத் தேர்ந்தால், அந்த நிறத்தை உருவாக்கிய வரி எதிரே வந்து நிற்கிறது. அந்த வரியில் மூன்று மதிப்புகள்: சிவப்புப் பட்டியின் மதிப்பு, பச்சைப் பட்டியின் மதிப்பு, மீண்டும் பச்சைப் பட்டியின் மதிப்பு. மூன்றாவது நீலப் பட்டியாக இருந்திருக்க வேண்டும். யாரோ முன்வரியைப் படியெடுத்து ஒட்டியபோது ஓரெழுத்தை மாற்ற மறந்திருக்கிறார்.

இந்த ஓவிய நிரல் சுமார் 500 வரி கொண்டது. இதே வழுவை வழக்கமான கருவிகளோடு தேடிய அனுபவமிக்க நிரலர்களைவிட, வொய்லைனோடு தேடிய புதியவர்கள் இரண்டு மடங்கு விரைவாக முடித்தார்கள் என்று 2008-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை காட்டியது. ஒரே ஒரு பணியை வைத்துச் செய்த ஒப்பீடு அது என்பதையும் அக்கட்டுரை மறைக்கவில்லை. அனுபவசாலிகள் ஏன் பின்தங்கினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிறம் தவறு என்றதும், நிறம் என்ற சொல் வரும் இடங்களை அவர்கள் தேடினார்கள். பல இடங்கள் கிடைத்தன. பொருத்தமாகத் தோன்றியதை முதலில் ஆராய்ந்தார்கள். அனுபவம் அவர்களுக்கு நல்ல ஊகங்களைத் தந்தது. ஆனால் ஊகமே தேவைப்படாத பாதை ஒன்று இருக்கும்போது நல்ல ஊகமும் சுற்றுவழிதான்.

2009-இல் இன்னும் கடினமான சோதனை நடந்தது. ஆர்கோயூஎம்எல் என்ற திறமூல வரைபட மென்பொருள், சுமார் 1,50,000 வரி. அதற்கு உண்மையாகவே பதிவாகியிருந்த இரண்டு வழு அறிக்கைகள். 20 நிரலர்கள், பாதிப்பேருக்கு வொய்லைன், மற்றவர்களுக்கு வழக்கமான பிரேக்பாயின்ட் வழுநீக்கி. வொய்லைன் வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமுறை வெற்றி பெற்றார்கள். எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய பாதி. ஆலிஸின் எட்டு மடங்கைவிட இந்த இரண்டு மடங்கை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் இது யாரும் ஆய்வுக்காகச் செய்துவைக்காத வழு, யாரும் முழுமையாக நினைவில் வைத்திருக்க முடியாத அளவுள்ள நிரல்.

ஏன் பரவவில்லை

இவ்வளவு தெளிவான பயன் இருந்தும் வொய்லைன் நம் கணினிகளில் இல்லை. நான் காணும் முதற்காரணம் பதிவின் விலை. எந்தக் கேள்வியும் கேட்கப்படலாம் என்றால் எல்லாவற்றையும் பதிந்தாக வேண்டும்: ஒவ்வொரு மதிப்பும், ஒவ்வொரு நிபந்தனையின் முடிவும், ஒவ்வொரு அழைப்பும். நிரலின் வேகம் குறைகிறது. சில நிமிட ஓட்டத்துக்கே பதிவு பெருத்துவிடுகிறது. நாள்கணக்கில் ஓடி, திடீரென்று ஒருமுறை விழும் சர்வருக்கு இந்த முறை பொருந்தாது. மேலும், கேள்வி திரையிலிருந்து தொடங்குகிறது. திரையே இல்லாத நிரல்கள் இன்று ஏராளம். வலைவழியே தகவலை வாங்கி இன்னொரு சர்வருக்குக் கொடுக்கும் நிரலில் எதன்மேல் சொடுக்குவது?

பயன்படுதன்மை என்றால் இடைமுகத்தின் அழகு என்று நினைப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். கருவியைத் தொடங்க ஆகும் முயற்சி, அது நிரலை மெதுவாக்கும் அளவு, அன்றாட வேலைமுறையோடு அது இணையும் விதம் ஆகியவையும் பயன்படுதன்மையின் பகுதிகளே. அலுவலகத்தில் ஒருவர் மாலை ஆறு மணிக்கு, மறுநாள் வெளியீட்டை வைத்துக்கொண்டு, ஒரு புதிய கருவியை நிறுவி நிரல் முழுவதையும் மறுபடி தொகுத்துப் பதிவு எடுக்க மாட்டார். லாக் வரி ஒன்றைச் சேர்ப்பார். அதற்குப் பத்து விநாடி போதும். அவர் செய்வது அறிவுள்ள செயல்தான்.

மற்றொரு திசையில் நடந்த முயற்சியையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். நிரலரிடம் கேள்வியே வாங்காமல், வழு இருக்கும் வரியைக் கணினியே சுட்டிக்காட்டலாம் என்பது அந்த முயற்சி. ஜார்ஜியா டெக்கில் 2002-இல் உருவான டரான்டுலா, தோல்வியுற்ற சோதனைகளில் அதிகம் ஓடிய வரிகளைச் சந்தேகத்துக்குரியவையாக வரிசைப்படுத்தியது. கிறிஸ் பார்னினும் அலெஸ்ஸாண்ட்ரோ ஓர்சோவும் 2011-இல் இந்த வகைக் கருவியை 34 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பெரும்பாலோர் படிக்கவில்லை. தங்களுக்குத் தோன்றிய வரிக்குத் தாவினார்கள். வழுவுள்ள வரியைப் பட்டியலில் மேலே ஏற்றியபோதும் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. அந்த வரியைக் காட்டியதும் அதுதான் வழு என்று நிரலர் புரிந்துகொள்வார் என்ற அடிப்படை எண்ணமே ஆட்டம் கண்டது. பச்சைப் பட்டியின் மதிப்பு இரண்டுமுறை வரும் வரியைத் தனியாகக் காட்டினால், கறுப்புக் கோட்டை மனத்தில் கொள்ளாதவருக்கு அது சாதாரண வரியாகத்தான் தெரியும். வரிக்கும் விளைவுக்கும் நடுவில் இருக்கும் சங்கிலிதான் புரிதலைத் தருகிறது. அந்தச் சங்கிலியைக் காட்டியது வொய்லைன். அதை அறுத்துவிட்டுக் கடைசிக் கண்ணியை மட்டும் நீட்டியது டரான்டுலா.

விலை குறைந்த பதிவு

பதிவின் விலைக்கு, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவில் ஒரு விடை கிடைத்தது. ஃபயர்ஃபாக்ஸின் தானியங்கிச் சோதனைகளில் பத்துமுறை ஓட்டினால் ஒருமுறை மட்டும் தோற்கும் சோதனைகள் பெருந்தொல்லையாக இருந்தன. ராபர்ட் ஓ’கல்லஹனும் உடன்பணியாற்றியவர்களும் உருவாக்கி, 2014-இல் வெளியிட்ட ஆர்ஆர் என்னும் வழுநீக்கி, நிரலின் ஒவ்வொரு அசைவையும் பதிவதில்லை. இயங்குதளத்திடமிருந்து நிரலுக்கு வரும் விடைகள், குறுக்கிடும் சமிக்ஞைகள், ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள் மாறும் நேரங்கள் போன்ற, நிரலின் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றை மட்டும் பதிகிறது. மற்றவை எல்லாம் மீண்டும் ஓட்டினால் அப்படியே திரும்ப நேரும். இழைகள் அனைத்தையும் செயலியின் ஒரே கருவில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவதும், எந்த இடத்தில் இழை மாறியது என்பதைச் செயலியின் எண்ணிகளைக் கொண்டு துல்லியமாகக் குறிப்பதும் இதன் பொறியியல் நுட்பம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தையும் மாற்ற வேண்டியதில்லை, நிரலையும் மாற்ற வேண்டியதில்லை.

பயன்படுபவரின் பக்கமிருந்து பார்த்தால் அவர்கள் எடுத்த மிக நல்ல முடிவு, ஜிடிபியின் கட்டளைகளையே வைத்துக்கொண்டது. ஏற்கெனவே விரல்களுக்குப் பழகிய கட்டளைகளோடு ‘பின்னோக்கி ஓடு’ என்ற ஒன்று சேர்ந்துகொள்கிறது. ஒரு நினைவக முகவரியில் தவறான மதிப்பு இருக்கிறதா? அந்த முகவரியின்மேல் காவல் வைத்துவிட்டுப் பின்னோக்கி ஓடச் சொன்னால், அந்த மதிப்பைக் கடைசியாக எழுதிய வரியில் போய் நிற்கும். ‘இந்த மதிப்பு ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கு இரண்டே கட்டளைகளில் விடை. ஜிடிபி தானே 2009-இல் பின்னோக்கி ஓடும் வசதியைக் கொண்டுவந்திருந்தது; ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் பதிந்ததால் அது பெரிய நிரல்களுக்குத் தாங்க முடியாத அளவு மெதுவாக இருந்தது. ஒரே வசதிதான், ஒன்று கையேட்டோடு நின்றுவிட்டது, இன்னொன்று வேலைக்கு வந்தது. நடுவில் இருந்தது வேகம் மட்டும்தான்.

இதே குழுவினர் பின்னர் உருவாக்கிய பெர்னோஸ்கோ, ஆர்ஆர் பதிவு முழுவதையும் முன்கூட்டியே அலசி வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் ஒரு மதிப்பின்மேல் சொடுக்கினால் அது எங்கிருந்து வந்தது என்று சங்கிலியாகக் காட்டுகிறது. வொய்லைனின் ‘ஏன் நடந்தது’ என்ற பாதி அங்கே மீண்டும் உயிர்பெற்றது என்று சொல்வேன்.

உலாவிக்குள் வந்த ‘ஏன் நடக்கவில்லை’

மற்றப் பாதி வந்து சேர்ந்த இடம், பலர் கவனிக்காமலேயே நாள்தோறும் பயன்படுத்தும் ஒன்று. 2006-இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக், வலைப்பக்கத்தின் ஒரு பகுதியைச் சுட்டினால் அதை உருவாக்கிய குறியீட்டையும் அதன் நிறம், அளவு போன்ற தோற்றத்தைத் தீர்மானிக்கும் பாணி விதிகளையும் பக்கத்தில் காட்டியது. இன்று எல்லா உலாவிகளிலும் இது உள்ளமைந்தே வருகிறது. கேள்வி திரையில் தொடங்குகிறது. கோப்பின் பெயர் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஒரே பண்பைப் பல விதிகள் கேட்டால், வென்ற விதி அப்படியே இருக்க, தோற்ற விதியின்மேல் ஒரு கோடு விழுகிறது. ‘நான் எழுதிய நிறம் ஏன் வரவில்லை?’ என்ற கேள்விக்கு அந்த ஒற்றைக் கோடு முழு விடை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதை விளக்க வேண்டியிருந்ததில்லை, பார்த்ததும் புரிகிறது.

வொய்லைன் பெரும்விலை கொடுத்துச் செய்ததை உலாவி ஏன் எளிதாகச் செய்கிறது? ஒவ்வொரு பகுதிக்கும் எந்த விதி பொருந்தியது, எது தோற்றது என்பதை உலாவி தன் வேலைக்காகவே கணக்கிட்டாக வேண்டும். எதனால் எது வந்தது என்ற விவரம் அதன் கையில் முன்பே இருக்கிறது. அதைத் தூக்கி எறியாமல் காட்டினால் போதும். ஜாவா நிரலில் அந்த விவரம் ஓடும்போதே அழிந்துபோகிறது. அதைக் காப்பதற்குத்தான் செலவு.

தமிழ் வலைப்பக்கம் செய்கிறவர்களுக்கு இதன் அருமை தனியாகத் தெரியும். நாம் ஓர் எழுத்துருவைக் குறிப்பிட்டிருப்போம். திரையில் வருவதோ வேறு மாதிரி. குறிப்பிட்ட எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லையென்றால், உலாவி ஓசையின்றி வேறொன்றை எடுத்துக்கொள்ளும். விதியின்மேல் கோடு விழாது, ஏனெனில் விதி வென்றுவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வோர் எழுத்துருவாக நீக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது குரோமில் கணக்கிட்ட பாணிகள் பகுதியின் அடியில், உண்மையில் எந்த எழுத்துருவிலிருந்து எத்தனை எழுத்துவடிவங்கள் வரையப்பட்டன என்றே எழுதியிருக்கிறது. விண்டோஸ் கணினியில் அங்கே நிர்மலா யூஐ என்ற பெயரைக் கண்டால், நாம் அனுப்பிய எழுத்துரு தமிழுக்குப் பயன்படவில்லை என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும்.

2019 அக்டோபரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 70 இன்னும் ஓரடி எடுத்துவைத்தது. வென்றும் பயன் தராத விதிகளை அது மங்கலாகக் காட்டத் தொடங்கியது. வரியோடு வரியாக அமையும் ஓர் உறுப்புக்கு அகலம் குறித்தால் அது செல்லாது. அகலம் என்ற பண்பு மங்கி, பக்கத்தில் ஒரு சிறு தகவல் குறி தோன்றும். அதன்மேல் சுட்டியை வைத்தால், இந்த உறுப்பின் காட்சிமுறை இன்னது, ஆகவே அகலத்துக்கு விளைவில்லை, காட்சிமுறையை இன்னதாக மாற்றிப் பாருங்கள் என்று ஒரு சிறு பெட்டி சொல்லும். பேக் ஏன் சுருங்கவில்லை என்று 2004-இல் கேட்ட அதே வகைக் கேள்வி இது; இங்கே அதைக் கேட்கக்கூடத் தேவையில்லை, விடை முன்பே வந்து காத்திருக்கிறது. தள்ளுபடியை ஏழுமுறை துரத்திய அந்த இளைஞர் இப்போது முகப்புப் பக்கங்களைச் செய்கிறார். அவருடைய பாணிக் கோப்பில் மங்கலான வரி தெரிந்தால் முதலில் சுட்டியை அதன்மேல் கொண்டுபோகிறார், பெட்டியைப் படிக்கிறார், பிறகுதான் விசைப்பலகையைத் தொடுகிறார்.